செருப்புப் போட்ட வேண்டுதல்

நான் நடைப்பயிற்சிக்குக் கிளம்பிய முதல் நாள் உருப்படியாக ஒரு தெருகூட நடக்கவில்லை. பாகூர் கடைத்தெருவில் போய் இறங்கினேன்.

விடிந்ததும் செருப்பை மாட்டிக்கொண்டு வெறுங்கையோடு வாசலைத் தாண்டினேன். தெருமுனை மளிகைக் கடைக்காரன் சரக்கு எடுக்க ஸ்கூட்டரில் பாகூருக்குக் கிளம்புகிற நேரம் அது. என்னைப் பார்த்ததும் கிரீச்சென்று பிரேக் போட்டான்.

"இன்னா பெரிம்மா, தூரமா?"

எங்கள் பக்கம் கிளம்பிப் போகிறவரை எங்கே என்று கேட்க மாட்டார்கள், போகிற காரியம் கெட்டுவிடுமாம். தூரமா என்றுதான் கேட்பார்கள். ஆனால் எங்கே என்று சொல்லாமல் யாரும் அந்த இடத்தை விட்டு நகர முடியாது.

"சும்மா நடக்கலாம்னு வந்தேன்பா."

"சும்மாவா? பஸ்ஸ வுட்டுட்டியா? ஏறு, குந்து."

"பஸ்ஸெல்லாம் வுடல. நடக்கறதுக்குத்தான் வந்ததே."

"நான் இருக்கசொல்ல நீ நடக்கறதா? எங்க அம்மாவ நான் வாசப்படி தாண்டி ஒரு அடி நடக்க வுட்டதில்ல. உன்ன மட்டும் வுட்ருவனா? ஏறு பெரிம்மா, பின்னால வண்டி நிக்குது பாரு."

பின்னால் உண்மையாகவே ஒரு டிராக்டர் ஹாரன் அடித்துக்கொண்டு நின்றது. மறுத்தால் அவன் முகம் வாடிவிடும். சின்ன வயதிலிருந்து என் வீட்டில் சாப்பிட்டு வளர்ந்தவன். உட்கார்ந்துவிட்டேன். பாகூரில் வந்ததற்காகக் கொஞ்சம் கத்தரிக்காய் வாங்கினேன். திரும்பும்போதும் அவனே அரிசி மூட்டைக்கும் எண்ணெய் டின்னுக்கும் நடுவில் எனக்கு இடம் ஒதுக்கி, வாசலிலேயே இறக்கிவிட்டான். உடம்பில் ஒரு சொட்டு வியர்வை இல்லை. எனக்கு வந்த கோபத்தில் அந்தக் கத்தரிக்காயை இரண்டு நாள் தொடவில்லை.

கோபத்துக்குக் காரணம் இருந்தது. ஐப்பசி மழை தொடங்கிய வாரம், பிள்ளையார்குப்பத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் என் சர்க்கரை அளவைப் பார்த்த டாக்டரம்மா பேனாவை மூடி வைத்துவிட்டார். "மாத்திரை இதுக்கு மேல ஏத்த முடியாதும்மா. தினமும் நல்லா வேர்க்க நடங்க. தை மாசம் திரும்ப டெஸ்ட் எடுப்போம். குறையலைன்னா இன்சுலின் ஊசிதான்" என்றார். செருப்பில்லாமல் நடக்கக் கூடாது, காலில் சின்னப் புண்கூட வரக் கூடாது என்றும் இரண்டு தடவை சொன்னார்.

ஊசிக்கு நான் பயப்படவில்லை. பயந்தது என் மகனுக்கு. சென்னையில் ஒன்பதாவது மாடியில் குடியிருக்கிறான். தங்கமான பிள்ளை, மருமகளும் அப்படித்தான். ஃபோனில் விஷயத்தைக் கேட்டதும் பொறுமையாகப் பேசினான்.

"ஊசி ஆரம்பிச்சா தனியா இருக்கக் கூடாதும்மா. ராத்திரியில திடீர்னு சுகர் எறங்கிட்டா யாரு பாப்பாங்க? வூட்டப் பூட்டிட்டு இங்க வந்துடு."

அவன் சொன்னதில் தப்பே இல்லை, அதனால்தான் சண்டை போட முடியவில்லை. ஊசி என்று டாக்டர் சொல்லிவிட்டால் வந்துவிடுகிறேன் என்று அவன் அப்பா படத்தைப் பார்த்தபடி ஒத்துக்கொண்டேன். ஃபோனை வைத்ததும் வீட்டைச் சுற்றிப் பார்த்தேன். மழை பெய்தால் எந்த ஓடு எங்கே ஒழுகும், எந்தக் கதவைத் தூக்கிச் சாத்த வேண்டும் என்று எனக்கு மட்டும்தான் தெரியும். அந்த ஒன்பதாவது மாடியில் டம்ளர் எங்கே இருக்கிறது என்று கேட்டுத்தான் எடுக்க வேண்டும். என் வீட்டுக்காரர் போன பிறகு நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டேன், மாட்டை விற்றுவிட்டேன், வீடு ஒன்றுதான் என்னிடம் மிச்சம். தை மாதத்துக்குள் நடந்தே தீர வேண்டும் என்று அன்றைக்கு முடிவு செய்தேன்.

நடப்பது என்ன பெரிய வித்தையா என்று கேட்பவர்கள் எங்கள் ஊருக்கு வந்து பார்க்க வேண்டும். இங்கே காரியத்துக்குத்தான் நடப்பார்கள். தலையில் புல்லுக்கட்டு இருந்தால் யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள். கையில் கூடையாவது குடமாவது இருக்க வேண்டும். என் கால்களும் அப்படி ஓடியவைதான்: கொல்லைக்கு, களத்துக்கு, கிணற்றுக்கு, பால் ஊற்ற. அதை நினைத்து ஏங்குகிற ஆள் இல்லை நான். இடுப்பு ஒடிந்ததுதான் மிச்சம். குழாய் வீட்டுக்குள் வந்த அன்று சாமிக்கு வடை மாலை சாத்தியவள் நான். ஆனால் குழாயும் கேஸும் மிக்சியும் வந்த பிறகு என் நாள் முழுக்கக் கட்டிலுக்கும் அடுப்படிக்கும் நடுவிலேயே முடிந்துவிட்டது. காரியம் போனதும் நடப்பதற்கான காரணமும் கூடவே போய்விட்டது.

வெறுங்கையோடு, அதுவும் தாலி இல்லாதவள், விடியலில் எதிரே வந்தால் சகுனம் பார்க்கிற ஆட்கள் இன்னமும் இருக்கிறார்கள். ஒருவர் என்னைப் பார்த்துவிட்டுப் பைக்கைத் திருப்பிக்கொண்டு வீட்டுக்குப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார். "தண்ணி போதுமா, இன்னொரு சொம்பு கொண்டாரட்டுமா?" என்று கேட்டேன். பைக்கை முறுக்கிக்கொண்டு போய்விட்டார்.

அவரைக்கூடச் சமாளித்துவிடலாம். அன்பானவர்களைச் சமாளிப்பதுதான் பெரும்பாடு. ஒரு நாள் குத்தகைக்காரர் மகன் பைக்கில் ஏற்றினான். இன்னொரு நாள் ஒரு ஷேர் ஆட்டோ நின்றது, "காசெல்லாம் வேணாம், ஏறுங்க" என்று. மளிகைக்காரன் தினமும் நிறுத்தினான். நான் மறுக்க மறுக்க ஊரில் பேச்சு வேறு கிளம்பியது. எதிர் வீட்டில் இருப்பவள் என் ஓரகத்தி, என் வீட்டுக்காரருடைய சித்தப்பா மகனின் மனைவி. அவள் என் மகனுக்கே ஃபோன் போட்டுவிட்டாள். அவன் பதறிக்கொண்டு என்னைக் கூப்பிட்டான்.

"ஏம்மா, தெனம் காலைல யார்கிட்டயும் சொல்லாம எங்கயோ கெளம்பிப் போறியாமே? கூப்புட்டாலும் வண்டில ஏற மாட்டேங்கறியாமே? எங்க மேல கோவமா?"

ஒரு மாதம் போயேவிட்டது. நடந்ததோ நாலு தெரு.

அடுத்த நாள் காலை மளிகைக்காரன் ஸ்கூட்டர் வழக்கம்போல் பக்கத்தில் வந்து நின்றது. "ஏறு பெரிம்மா" என்று அவன் சொன்ன கையோடு எனக்குள் ஏதோ பொங்கிவிட்டது.

"வேண்டுதல்டா! ஏரிக்கரை அம்மனுக்கு நடந்தே வரேன்னு வேண்டிக்கினு இருக்கறேன். என்ன வண்டில ஏத்தி பாவத்த சேத்துக்காத!"

எங்கிருந்து வந்தது அந்தப் பொய் என்று எனக்கே தெரியாது. ஆனால் அது செய்த வேலையைப் பார்க்க வேண்டுமே! அவன் வண்டியை அணைத்தான். செருப்பைக் கழற்றினான். கன்னத்தில் போட்டுக்கொண்டான்.

"தெரியாம கூப்ட்டேன் பெரிம்மா. ஆத்தா கோச்சிக்குமா?"

"போ, போ. ஒண்ணும் கோச்சிக்காது."

அன்று ஏரிக்கரை வரை நடந்தேன். முழுசாக! வழியில் ஒரு வண்டி நிற்கவில்லை. செய்தி எனக்கு முன்னால் போய்விட்டது. எதிரே வந்தவர்கள் ஒதுங்கி வழி விட்டார்கள். பைக்கைத் திருப்பியவர்கூடக் கும்பிட்டார். கரைமேல் ஏறி நின்றபோது முதுகு நனைந்திருந்தது. மழைத் தண்ணீர் வரத்து தொடங்கி ஏரி பாதி நிறைந்திருந்தது, அக்கரை ஓரம் நாரைகள். எனக்குக் கத்த வேண்டும்போல இருந்தது. ஆள் யாரும் இல்லை, அதனால் கொஞ்சம் கத்தியும் பார்த்தேன்.

பொய்யைச் சொல்லிவிட்டால் அதை ஒழுங்காகக் கட்டிக் காக்க வேண்டாமா? ஒரு மஞ்சள் கிழங்கைக் கயிற்றில் கோர்த்து அம்மன் முன்னால் நானே கையில் காப்புக் கட்டிக்கொண்டேன். காப்புக் கட்டினவர் ஊரை விட்டு வெளியே ராத்தங்கக் கூடாது என்பது எங்கள் பக்க வழக்கம். அதுவும் எனக்கு வசதியாகத்தான் இருந்தது. சின்னக் கோயில், மேலே கூரைகூட இல்லை. "பொய்தான் சொன்னேன், ஒத்துக்கறேன். ஆனா தெனம் உன்னப் பாக்க வரன் இல்ல? யாரு வரா உங்கிட்ட?" என்று அம்மனிடம் கேட்டேன்.

சிக்கல் காலில் இருந்தது. வேண்டுதல் நடையை வெறுங்காலோடுதான் நடப்பார்கள். டாக்டரம்மாவோ செருப்பில்லாமல் ஒரு அடி வைக்கக் கூடாது என்றிருந்தார். ஓரகத்திக்குக் கண் பாம்புக் கண். மூன்றாம் நாளே வாசலில் மறித்தாள்.

"வேண்டுதல்னு சொல்ற. கால்ல செருப்பு இன்னாத்துக்கு?"

ஒரு நொடி விழித்தேன். பிறகு வாய் தானாகத் திறந்தது.

"ஆத்தா கனவுல வந்து சொல்லிட்டா. முள்ளு குத்தி புண்ணாயி நீ படுத்துட்டன்னா, அப்பறம் எனுக்கு யாருடி நடந்து வருவான்னு கேட்டா."

ஓரகத்தி யோசித்தாள். எந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தாலும் அதில் ஓட்டை இல்லை. உள்ளே போய்விட்டாள். அந்த வாரமே ஒரு விடியலில் புதுச் செருப்போடு என் வாசலில் நின்றாள். "எனுக்கும் ஒரு வேண்டுதல் இருக்குது" என்றாள், முகத்தை வேறு பக்கம் வைத்துக்கொண்டு. அவளுக்கு இரண்டு முட்டியிலும் வலி. அது எனக்கும் தெரியும், நான் கேட்கவில்லை.

கரைமேல் இன்னொருத்தி சேர்ந்தாள். சர்ச் தெருக்காரி, ஒரு காலத்தில் எங்கள் நிலத்தில் நடவு நட்டவள், இப்போது நூறு நாள் வேலைக்குப் போகிறாள். நாங்கள் போவதை ரெண்டு நாள் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"எனுக்கும் சுகருதான். நாள்பூரா குனிஞ்சி மண்ணு வெட்றனே, அது நடையில சேராதாம், கைய வீசி நடக்கணுமாம், ஆஸ்பத்திரில சொன்னாங்க. நானும் வரட்டா?"

"இது அம்மன் வேண்டுதலாச்சே" என்றாள் ஓரகத்தி.

"நீங்க அம்மனுக்கு நடங்க. நான் வில்லியனூர் மாதாவுக்கு நடக்கறேன். ரோடு ஒண்ணுதான?"

நான் சிரித்த சிரிப்பில் நாரை பறந்தது. எங்கள் நிலத்தில் வேலை செய்த காலத்தில் அவள் என்னை "அம்மா" என்றுதான் கூப்பிடுவாள். கரையில் நடக்க ஆரம்பித்த பிறகு "யக்கா" என்றாள். எனக்கு அது அவ்வளவு பிடித்துப்போய்விட்டது, இன்னும் வேகமாக நடந்தேன்.

மார்கழி வந்தபோது நாங்கள் ஒரு கூட்டம். எல்லாருக்கும் வேண்டுதல், எல்லார் காலிலும் செருப்பு. வேண்டுதலை வெளியே சொன்னால் பலிக்காது என்பதால் யாரும் யாரையும் கேட்பதில்லை, அது எவ்வளவு நிம்மதி! நாய்கள்கூட எங்களைப் பார்த்துக் குரைப்பதை விட்டுவிட்டன. மழையில் கரை வழுக்கிய நாட்களில் ஒருத்தி முந்தானையை ஒருத்தி பிடித்துக்கொண்டு கத்திக்கொண்டே நடந்தோம். என் ரவிக்கை தளர்ந்தது. கட்டிலிலிருந்து கையை ஊன்றாமல் எழுந்தேன். ஒரு நாள் வீட்டுப் பரணில் ஏணி வைத்து ஏறி, ஒழுகுகிற கூரை ஓடு ஒன்றை நானே மாற்றினேன். அதை மட்டும் மகனிடம் சொல்லவில்லை.

வழியில் மளிகைக்காரன் வீட்டைத் தாண்டித்தான் போக வேண்டும். அவன் அம்மா வாசலில் நாற்காலியில் உட்கார்ந்திருப்பாள். என் வயதுதான். பாதம் இரண்டும் வீங்கி உருண்டை வெல்லம்போல இருக்கும். மகன் தங்கம், டிவி வாங்கி வைத்திருக்கிறான், உட்கார்ந்த இடத்துக்குச் சாப்பாடு வரும். எங்களைப் பார்த்ததும் கழுத்தை நீட்டிக் கரை திரும்பும் வரை பார்ப்பாள். ஒவ்வொரு நாளும் அவளைக் கடக்கும்போது எனக்குப் பயம் பிடித்துக்கொள்ளும். ஒன்பதாவது மாடியில் எனக்கும் அப்படியொரு நாற்காலி காத்திருந்தது.

தை பிறந்தது. ரத்தம் கொடுத்துவிட்டு வந்தேன். ரிசல்ட் வாங்குகிற நாளுக்கு முந்தின மாலையே மகன் காரில் வந்துவிட்டான். காரின் பின்பக்கம் காலியாக இருந்தது. என் பெட்டிகளுக்கென்று அவன் சொல்லவில்லை, எனக்குப் புரிந்தது. அந்த இரவு சோறு இறங்கவில்லை.

காலையில் நான் நடக்கக் கிளம்பினேன். கொஞ்ச தூரத்தில் பின்னாலேயே கார் ஊர்ந்து வந்தது.

"அம்மா, ஏறும்மா. ஆஸ்பத்திரிக்கு நேரமாவுது. கோயில்ல நானே கொண்டுபோய் வுட்றேன்."

நான் வாய் திறப்பதற்குள் எதிரே வந்த ஸ்கூட்டர் குறுக்கே நின்றது. மளிகைக்காரன்தான்!

"அண்ணே, இன்னா பண்ற? காப்பு கட்டி கோயிலுக்கு நடக்கறவங்கள வண்டில ஏத்துவியா? படிச்சவன்தான நீ?"

"நீ கார ஓரமா போட்டுட்டு எறங்கி நட தம்பி. பெத்தவ வேண்டுதல், உனுக்கும் புண்ணியம்" என்றாள் சர்ச் தெருக்காரி. ஓரகத்தி கார் கதவையே திறந்துவிட்டாள்.

பாவம், இறங்கினான். கரை ஏறுவதற்குள் அவனுக்கு மூச்சு வாங்கியது. நாங்கள் எல்லாரும் முன்னால் போய் நின்று திரும்பிப் பார்த்தோம். இடுப்பில் கை வைத்துக்கொண்டு, சட்டைப் பொத்தானைத் தளர்த்திக்கொண்டு வந்தான். வந்து என்னையே பார்த்தான். "நீ எப்பம்மா இவ்ளோ வேகமா நடக்க ஆரம்பிச்ச?" என்றான்.

டாக்டரம்மா ரிசல்ட்டைப் பார்த்தார். பழைய தாளை எடுத்துப் பக்கத்தில் வைத்து மறுபடி பார்த்தார். என் கையை அவன் பிடித்திருந்தான், யார் கை வியர்த்தது என்று தெரியவில்லை.

"ஊசி வேணாம்மா. மாத்திரையே போதும். அப்படி என்னம்மா பண்ணீங்க?"

காப்புக் கட்டிய கையைத் தூக்கிக் காட்டினேன். அவருக்கு என்ன புரிந்ததோ, சிரித்தார். மகன், "டாக்டர், எனக்கும் ஒரு டெஸ்ட் எழுதிக் கொடுங்க" என்றான். அன்று மாலை காலிக் காரோடு சென்னைக்குத் திரும்பினான். ஏறும்போது, "ஓட்ட நீயே மாத்தினியாமே, சித்தி சொன்னாங்க. ஏணி மட்டும் ஏறாதம்மா" என்றான். அந்த ஓரகத்தி இருக்கிறாளே!

பலித்த வேண்டுதலை முடிக்க வேண்டும். வெள்ளிக்கிழமை அம்மன் முன்னால் பொங்கல் வைத்தோம். கயிற்றை அவிழ்த்து வேப்பங்கிளையில் கட்டினேன். சர்ச் தெருக்காரி பொங்கலை வாயில் போட்டுக்கொண்டே கேட்டாள்.

"இப்பனா சொல்லலாமில்ல யக்கா? இன்னாதான் வேண்டிக்கின?"

எல்லாம் பொய் என்று அவர்களிடமாவது சொல்லிவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். வந்தது வேறு.

"என் வூட்லயே இருக்கணும்னு."

சொன்ன பிறகுதான் உறைத்தது. தினமும் கரைமேல் ஒவ்வொரு அடிக்கும் நான் அதைத்தான் முனகிக்கொண்டு நடந்திருக்கிறேன். என்னை அறியாமலே கேட்டேன், அம்மன் கொடுத்துவிட்டாள். பொய் சொன்னதாக நான்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்து பொங்கல் புரையேறியது.

மறுநாள் வெறுங்கையோடு கிளம்பினேன். காப்பு இல்லை, வேண்டுதல் முடிந்தது ஊருக்கே தெரியும். இனி ஸ்கூட்டர் நிற்கும், சண்டை போட வேண்டியதுதான் என்று முந்தானையைச் செருகிக்கொண்டு நடந்தேன். எவனும் நிறுத்தவில்லை. கரை அடிவாரத்துக்கு வந்தபோது பின்னால் அந்தச் சத்தம் கேட்டது. மளிகைக்காரன். இந்தத் தடவை அவன் என்னை ஏறச் சொல்லவில்லை. பின்னால் அவன் அம்மா ஒருபக்கமாக உட்கார்ந்து அவன் சட்டையை இறுக்கிப் பிடித்திருந்தாள். காலில் புதுச் செருப்பு.

"எறங்கும்மா" என்றான்.

"நடக்கறதாடா? நீதான் வேணாம்னுவியே."

"நட. பெரிம்மா கைய புடிச்சிக்கோ."

அவள் என் தோளைப் பிடித்தாள், கனமான கை. ஒவ்வொரு அடியாக, நின்று நின்று கரை ஏறினோம். மேலே வந்ததும் அவள் அப்படியே நின்றுவிட்டாள். கண்ணுக்கெட்டிய தூரம் தண்ணீர், கரை விளிம்பு வரை. அவள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம்தான்.

"ஏரி ரொம்பிச்சா?" என்றாள். "எனுக்கு யாரும் சொல்லவே இல்லியே."

மளிகைக்காரன் கீழேயே வண்டியை அணைத்தான். பிறகு அதைத் தள்ளிக்கொண்டு எங்களுக்குப் பின்னால் கரை ஏறி வந்தான்.